மன்னார்புரம்: பூஜ்யம்

இணையத்தில் வரும் டெங்கு அறிக்கையைத் திறந்து, குணமடைந்தவர்களைப் போனில் விசாரிப்பது சுகாதாரப் பிரிவில் வளவனுக்குத் திங்கட்கிழமை வேலை. வாரத்தையும் பகுதியையும் மாற்றினால் எண்கள் மாறும். நவம்பர் முதல் வாரம், மன்னார்புரம் என்று அழுத்தினால் 'இறப்பு: 1' என்று வரும். அது அவன் மனைவி பிரேமலதா. வயது இருபத்தாறு.

இந்தத் திங்கள் அங்கே பூஜ்யம் இருந்தது. அதே வாரம் ஸ்ரீரங்கத்தில் குணமடைந்தவர் ஒருவர் கூடியிருந்தார். பெண், இருபத்தாறு.

"பழசைத் திருத்தியிருப்பாங்க தம்பி," என்றார் பக்கத்து மேசை வஹீதா அக்கா.

வளவன் அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போன் செய்தான். கணவர் எடுத்தார்.

"நல்லாயிருக்கா சார். கஞ்சி வேணாமாம், முறுக்கை டீயில ஊறவெச்சுத் தரணுமாம். ஒரே அடம். மணப்பாறைக்கே போயி வாங்கிட்டு வந்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் பிரேமலதா கடைசியாகக் கேட்டதும் அதுதான். கூடாதென்று வளவன் மறுத்துவிட்டான். அந்த ஆளை நினைக்க அவனுக்கு வயிறு எரிந்தது.

"யாருங்க போன்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது அவனுக்குத் தெரிந்த குரல்.

"சுகாதார ஆபீஸ்லேருந்து பேசுறாங்க."

"அவரா? கேட்டா முறுக்கு தரமாட்டாருங்க. வெச்சிடுங்க."

வளவன் அறிக்கையில் 'நலம்' என்று பதிந்தான்.