வாயாடி

“என் பொண்ணை எதுக்கு சார் தினம் கணக்கு வகுப்புல வெளிய அனுப்புறீங்க?”

லிஃப்ட் மெக்கானிக் கிரீஸ் படிந்த சட்டையோடு நேராகத் தலைமையாசிரியர் அறைக்கே வந்துவிட்டார். மகளின் தோழி போட்டுக்கொடுத்ததால்தான் அவருக்கு விஷயமே தெரியும்.

கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார் தலைமையாசிரியர்.

“ஓயாம பேசுறா சார். மத்த பிள்ளைங்களையும் கெடுக்குறா” என்றார் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டே.

“யாரு, என் பொண்ணா?”

மெக்கானிக்கின் தலை சுற்றியது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. வீட்டில் அவளுக்கு ‘மியூட்’ என்றே பட்டப்பெயர்.

“கணக்குல அவதான் சார் முதல். ஆனா நடத்தை சரியில்லேன்னா ஸ்பெஷல் பேட்ச்ல இடம் கிடையாது. அது எங்க ரூல்” என்று கையை விரித்தார் தலைமையாசிரியர்.

மெக்கானிக்கின் குழப்பம் இன்னும் கூடியது. போன வருஷம் மகள் அந்த பேட்ச்சில்தான் இருந்தாள். லிஃப்ட்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். விடிந்தால் டெஸ்ட், பொழுது சாய்ந்தால் டெஸ்ட். ஆனால் பள்ளிக்கூடம் என்றாலே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

இந்த வருஷம் அந்த வலி போன இடம் தெரியவில்லை. பாட்டு முணுமுணுத்தபடி பள்ளிக்குப் போகிறாள். தினம் வெளியே துரத்தப்படுகிற பிள்ளைக்கு என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது?

எந்த லிஃப்ட் எங்கே மக்கர் பண்ணுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் மனிதருக்கு, சொந்த மகள் விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை.

“நீங்க கவலைப்படாதீங்க. டீச்சர் குடுத்த புகாரை ரத்து பண்ணிட்டா ரூல் குறுக்க வராது, நாளைக்கே அவளை பேட்ச்ல சேர்த்துடலாம்” என்றார் தலைமையாசிரியர்.

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்.”

டீச்சரின் முகம் ஏனோ வெளிறிப்போனது.

மகள் இன்றும் வகுப்புக்கு வெளியேதான் இருந்தாள். மைதானத்தில் மண்டியிட்டு, கொடிக்கம்பத்தின் நிழலை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

“என்னம்மா பண்ற?”

“என் உயரம் எனக்குத் தெரியும்ல? என் நிழலையும் கம்பத்தோட நிழலையும் அளந்துட்டா கம்பம் எவ்ளோ உயரம்னு தெரிஞ்சிடும்ப்பா. மேல ஏறவே வேணாம்! இப்படியே நம்ம வீட்டு மாடி, உங்க லிஃப்ட் ஓடுற கட்டடம், எல்லாத்தையும் அளக்கலாம்!”

மியூட் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

“இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லித் தரல, நானே கண்டுபிடிச்சேன். டீச்சர் சத்தமா ‘வெளிய போ’ம்பாங்க. கதவுகிட்ட வந்ததும் காதுல மெதுவா ஒரு கேள்வி மட்டும் சொல்வாங்க. தினம் புதுசா ஒண்ணு. ரகசியம்ப்பா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அவர் கொஞ்சம் தயங்கினார்.

“நாளைக்கே மறுபடி பேட்ச்ல சேர்த்துக்கறாங்களாம். சேர்றியா?”

மகளின் கை தானாகப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

ஸ்கேனில் தெரியாதது அவருக்கு இப்போது தெரிந்தது.

அவர் தலைமையாசிரியர் அறைக்குத் திரும்பி வந்தபோது, டீச்சர் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“என்ன சார், புகாரை ரத்து பண்ணிடலாமா?” என்றார் தலைமையாசிரியர்.

மெக்கானிக் டீச்சரை ஒருமுறை பார்த்தார். பிறகு வராத கோபத்தை வரவழைத்துக்கொண்டு கத்தினார்:

“வேணவே வேணாம் சார்! வீட்லயும் இதே வாய்தான், காது குடுத்துக் கேக்க முடியல. வருஷம் முழுக்க வெளியவே நிக்கட்டும்!”