நீலத் துண்டு

புகுமா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஹார்மட்டான் வறட்டுக் காற்றின் புழுதி ஜன்னல் வெயிலில் மிதக்கிறது. மேல்நிலை முதலாமாண்டு வகுப்பின் கடைசி பெஞ்சில், கல்வித்துறையிலிருந்து வந்திருக்கும் மேற்பார்வையாளர் அம்மாள் ஃபேன்டா உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள்; அவளது மூக்குக்கண்ணாடி கைப்பைக்குள் தூங்குகிறது. முன்னால் வேதியியல் அமக்கிரி சார், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில், ஒரு நீலத் துண்டை எலுமிச்சைச் சாற்றில் முக்கித் தூக்குகிறார். நீலம் நீலமாகவே சொட்டுகிறது. "அமிலம் பட்டதும் நீல லிட்மஸ் தாள் என்ன நிறமாச்சு?" "சிவப்பு சார்!" தகரக்கூரை அதிர்கிறது. முதல் பெஞ்சு இபினாபோ வாய் திறக்கவில்லை. லிட்மஸ் தாள் இல்லாத குறைக்கு, வாய்ப்பாடு அச்சடித்த அவளுடைய பழைய நீல நோட்டு அட்டையைத்தான் காலையில் சார் வாங்கிக் கத்தரித்தார். "பிரமாதம்! உங்களுக்கு நீங்களே கைதட்டிக்கங்க" என்கிறாள் அம்மாள். எல்லாரும் தட்டுகிறார்கள், சாரும் ஒற்றைக் கையால் தொடையில் தட்டுகிறார். இபினாபோவின் கைகள் மட்டும் மேசைமேல் செத்த மீன்களாய்க் கிடக்கின்றன. அசையாத அந்த முதுகைப் பார்த்து அம்மாள் கேட்கிறாள்: "ஏய் பொண்ணு, உனக்கு மட்டும் என்ன கேடு? சார் கையில என்ன தெரியுதுன்னு சொல்லேன்." சொல்லித் தொலைக்காதே என்று சாரின் கண்கள் கெஞ்சுகின்றன. ஈரத்தில் சுருண்ட துண்டின் பின்புறம் இபினாபோ பக்கமாகத் திரும்பியிருக்கிறது. அவள் நிதானமாக எழுந்து, ராகம் போட்டுப் படிக்கிறாள்: "ஏழேழு நாப்பத்தொம்பது, மேடம்."