காலியாகும் கிளை நூலகம்

பெரும்பாக்கத்தில் இந்தச் சின்னக் கிளை நூலகம் இன்றோடு மூடப்படுகிறது. வாடகைக் கட்டடத்தை உரிமையாளர் திரும்பக் கேட்டுவிட்டார். மழை மேகம் இறங்கிய மாலையில் வாசலில் டெம்போ நிற்கிறது. கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் வெளியே போகின்றன. அலமாரிகள் இருந்த இடத்தில் மட்டும் சுவரின் பழைய பச்சை மங்காமல் தெரிகிறது. ஜன்னலோரம் ஷீலா குரூப் ஃபோர் தேர்வுக்குத் தன் கைடை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். குடியிருப்பில் அவளுடைய ஒற்றை அறை வீட்டில் டிவி ஓய்வதே இல்லை. நூலகம் நடந்து வரும் தூரம் என்பதால்தான் புருஷன் விடுகிறான். "மேடவாக்கத்துல ஒரு பிராஞ்ச் இருக்கும்மா, அங்க போயிடேன்," என்கிறார் நூலகர் மிருதுளா, அவள் முகத்தைப் பார்க்காமல். "பஸ் ஏறிப் போறதுன்னா அவரு வுட மாட்டாரு மேடம்." மிருதுளா கையிலிருக்கும் சணல் கயிற்றை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடியும் சுற்றுகிறார். சுமை ஏற்றும் சின்னப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நிற்கிறார். "அந்தச் சேரு ஒண்ணுதாம்மா பாக்கி கீது." ஷீலா எழுந்து கொடுக்கிறாள். அவர் அதைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போகிறார். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. அவள் சுவரில் சாய்ந்து நின்று, விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறாள். மிருதுளா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார்.