கத்திக்கோழி

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் கத்தரிக்கோல் படம் இருந்தது.

"கத்திக்கோழி" என்றார் சித்தப்பா.

பயிற்சியாளர் இளம்பெண். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் தாளில் தப்பு போட்டார்.

அடுத்தது குடை. சித்தப்பா "மழைத்தொப்பி" என்றார். இன்னொரு தப்பு.

பக்கத்து நாற்காலியில் அவருடைய அண்ணன் மகள் இருந்தாள். அவள் வக்கீல். கட்சிக்காரர்கள் பொய் சொல்லி ஜெயிப்பதையும் உண்மை சொல்லித் தோற்பதையும் நிறையப் பார்த்தவள். ஆனால் அவர்களில் யாரும் அவளுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, மூச்சு வாங்க வாங்கப் பின்னால் ஓடி வந்ததில்லை.

பக்கவாதத்தில் சித்தப்பாவின் வலது கை போயிருந்தது. அது போனால் போகட்டும். புத்தி தெளிவாக இருக்கிறது என்று இந்தப் பெண் எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியின் பின்கட்டு. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

சாவியைக் காட்டினால் சாவி என்றார். யானையைக் காட்டினால் யானை என்றார். பயிற்சியாளர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஒட்டகச்சிவிங்கி வந்தது.

"ஒட்டடைச்சிங்கி."

மின்விசிறி வந்தது.

"காத்துப்பூ" என்றார் சித்தப்பா, இதைப் போய்க் கேட்கிறார்களே என்கிற மாதிரி.

வக்கீலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மேடம், எல்லாமே சரியான பதில்தான். எங்க வீட்ல அதுங்களுக்கு அதான் பேரு."

பயிற்சியாளர் பேனாவை மூடி வைத்தார். வக்கீல் வாதாடத் தொடங்கினாள்.

அவள் பிறந்து வளர்ந்தது கூட்டுக் குடும்பம். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது கத்திக்கோழிதான். சித்தி ஒருமுறை வீட்டு ஞாபகத்திலேயே கடைக்குப் போய், நல்லா வெட்டுற கத்திக்கோழி ஒன்று வேண்டும் என்று கேட்க, கடைக்காரர் பொறுமையாகக் கறிக்கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்.

சித்தப்பா எலெக்ட்ரீஷியன். கூப்பிட்டவர் வீட்டில் ஏணி மேல் நின்றபடி, காத்துப்பூவுல காயில் எரிஞ்சுபோச்சு என்பார். கீழே நிற்பவர்களுக்குப் பூவும் புரியாது, காயும் புரியாது. ஆனால் வேலை சுத்தம் என்பதால் மறுபடியும் அவரையே கூப்பிட்டார்கள்.

ஒட்டடைச்சிங்கி என்று எழுதி வக்கீல் சின்ன வகுப்பில் முட்டை வாங்கினாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்ப, சித்தப்பா போய்க் கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். திரும்பி வரும் வழியில் வானத்தைப் பார்த்து, மழைத்தொப்பி எடுத்து வந்தாயா என்று அவளைக் கேட்டார்.

சித்தி யாரையும் அதட்டி அவள் பார்த்ததில்லை. ஆனால் குடை எங்கே என்று யாராவது வாய்தவறிக் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, மழைத்தொப்பின்னு சொல்லு என்பார். சொன்ன பிறகுதான் கைக்கு வரும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்கூட இதில் தப்பவில்லை.

கல்யாணமான புதிதில் வக்கீலின் கணவர் விருந்துக்கு வந்திருந்தார். காத்துப்பூவைக் கொஞ்சம் கூட வைங்க மாப்ள என்று சித்தப்பா சொன்னதும், மாப்பிள்ளை எழுந்து போய்ப் பூச்சாடியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார். மாப்பிள்ளையின் மரியாதைக்குப் பங்கம் வந்துவிடக் கூடாது என்று சித்தப்பா மறுபடி கேட்காமல், சாப்பிட்டு முடிக்கும்வரை வியர்த்துக்கொண்டே இருந்தார்.

பயிற்சியாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சாவகாசமாகத் தப்புகளை ஒவ்வொன்றாக அடித்துச் சரி போட்டார்.

"தாராளமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நம்மளவிடத் தெளிவா இருக்கார்."

வக்கீலுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரிய பெரிய வழக்கில் ஜெயித்தபோதுகூட அப்படி ஆனதில்லை. சித்தப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எதற்கு என்று கேட்பதுபோல் பார்த்தார், ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்றார் பயிற்சியாளர். "என் பையன் பஸ்ஸப் புஸ்ஸும்பான். ஸ்கூல்ல சேத்ததும் தானா சரியாயிட்டான். இந்தப் பேரெல்லாம் நீங்க வச்சதா?"

"நான் இல்ல. தம்பி. சித்தப்பா பையன்."

"அவரு ஸ்கூலுக்குப் போனப்புறமும் மாத்திக்கலையா?"

வக்கீல் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஸ்கூலுக்குப் போற வயசு அவனுக்கு வரவே இல்ல" என்றாள்.

பயிற்சியாளர் சற்று நேரம் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதை எடுத்தவர், காட்டாமலே மேசையில் கவிழ்த்து வைக்கப் போனார்.

அதற்குள் சித்தப்பா திரும்பிப் பார்த்துவிட்டார்.

"ஸ்கூல் பை" என்றார், ஊரில் எல்லோரும் சொல்வதுபோலவே.