தோளின் ஈரம்

கன்னத்துப் புற்றை வெட்டியெடுத்த இடத்தை மூட, டாக்டர் ஓர் அம்மாளின் இடது தோளிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு திருப்பி வைத்துத் தைத்திருந்தார். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். வார்டில் எல்லோருக்கும் அக்கா.

மறுநாள் காலையில் அந்தத் தோல் வெளிறிச் சில்லிட்டுவிட்டது.

"ரத்தம் ஓடலை. சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா எடுத்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

மதியம் நர்ஸ் தொட்டபோது தோல் கதகதப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் வெளுத்து, உடனே சிவந்தது. நடுவில் மட்டும் ஈரம். துடைத்தார். சற்று நேரத்தில் மறுபடியும் ஈரம். சோதித்ததில் எச்சில் என்று தெரிந்தது. வாய்க்குள் தையல் விட்டுவிட்டதோ என்று டாக்டர் பதறிப்போய், நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் கொப்பளிக்கச் சொன்னார். நீலம் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியவில்லை.

"அக்கா, தோல் எடுத்த இந்தத் தோள்ல முன்னாடி ஏதாவது அடிபட்டிருக்கா?" என்று நர்ஸ் கேட்டார்.

"அடியெல்லாம் இல்லம்மா" என்றார் அக்கா, வாய் குழற. "அம்மா வேலைக்குப் போனதும் தம்பி இதுலதான் சாஞ்சு தூங்குவான். எச்சில் வடிச்சு என் சட்டையே நனைஞ்சிரும். அப்படியே பள்ளிக்கூடம் போவேன். எல்லாரும் சிரிப்பாங்க. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அப்புறம் யாரும் சிரிக்கலை."

நர்ஸ் ஈரத்தைத் துடைக்கப் பஞ்சை எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா. இப்பதான் தூங்கினான்."

நர்ஸ் பஞ்சை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.