பதிமூன்றாம் நூற்றாண்டு வாசல்

"நில்லுங்க! இது பதிமூணாம் நூற்றாண்டு. கையில என்ன கடிகாரம்?"

ஜெர்மனியின் பவேரியாவில், பழைய கிறிஸ்தவ மடத்து முற்றத்தில் பழங்காலத்தை நடித்துக் காட்டும் திருவிழா. வேஷம் கட்டி வருகிறவர்களைச் சோதித்து உள்ளே விடுவது கோர்பீனியனின் வேலை. துறவற சபைகளின் சட்டதிட்டங்களை மூன்று வருடமாகக் கரைத்துக் குடித்தவன். அவனிடமா ஏமாற்ற முடியும்?

கறுப்பு அங்கியில் வந்த கிழவர் அசடு வழிந்தார். "கொஞ்சம் அவசரம் தம்பி."

"அங்கியில ஜிப்பு, மூக்குல பிளாஸ்டிக் கண்ணாடி! கறுப்பு அங்கி போடுற பெனடிக்ட் சபையோட ஒழுங்கு நூலைப் புரட்டியாவது பார்த்திருக்கீங்களா?"

"ஏதோ, தினம் கொஞ்சம் படிப்பேன்."

"பத்தாது! எதிர்க்கடையில வேஷ உடுப்பு வாடகைக்குத் தர்றாங்க. ஒழுங்கா மாட்டிக்கிட்டு வாங்க."

கால்மணி நேரத்தில் கிழவர் திரும்பினார். உடம்பெல்லாம் அரிக்கும் முரட்டுக் கம்பளி அங்கி. கண்ணாடி இல்லாததால், வாசல் தூணை ஆளென்று நினைத்து வணக்கம் சொன்னார்.

கோர்பீனியன் பூரித்துப் போனான். "இப்பதான் அசல் துறவி! உள்ள போங்க."

கிழவர் தடவிப் பார்த்து அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

"ரொம்ப நன்றி தம்பி. முப்பது வருஷமா இந்த மடத்துக்குத் தலைவரா இருக்கேன். துறவி மாதிரி இருக்கேன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் சொல்லிக் கேக்கிறேன்."