அண்ணன் குரல்

டெஸ்ட் ரைடர் கதிரேசன் புது வண்டியை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டான்.

"நூத்தி இருபதைத் தாண்டினா ஹேண்டில் உதறுது! போன வருஷத்து மாடல் இதே வளைவுல தண்டவாளத்துல போற மாதிரி போச்சு. இத வித்தீங்கன்னா எவனாவது செத்துருவான்!"

கம்பெனிக்காரி நிரஞ்சனா பதறவே இல்லை. "உங்க ரிவ்யூ நேத்தே வந்தாச்சே சார்," என்று போனை நீட்டினாள்.

அதில் அவன் குரல், அவன் இழுவை. "மக்களே, பழைய மாடலெல்லாம் மாட்டுவண்டி. கண்ண மூடிட்டு இத வாங்குங்க!"

"நேத்து நான் இந்த வண்டிய கண்ணாலயே பாக்கலையேம்மா!"

"குரலைத்தான் எழுதிக் குடுத்துட்டீங்களே சார். இனிமே ஏஐ வச்சு உங்க குரல்ல நாங்களே பேசிக்குவோம்."

அந்த நேரம் பார்த்துத் திண்டுக்கல்லிலிருந்து தங்கை பூங்கோதை அனுப்பிய படம் அவன் போனில் வந்து விழுந்தது. மாலை போட்ட அதே வண்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், மேலே சாவியை ஆட்டிச் சிரிக்கும் மாப்பிள்ளை.

உடனே அவளைக் கூப்பிட்டான். "பூங்கோதை, அண்ணன் பேசறேன். மாப்பிள்ளைய அந்த வண்டிய எடுக்க விடாத!"

அந்தப் பக்கம் வண்டியை முறுக்கும் சத்தம் கேட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியிருக்கும். அதற்கும் மேலே அவள் குரல் சீறியது.

"எங்கண்ணன் நேத்தே ரிவ்யூல சொல்லிருச்சுடா! பொறாமை பிடிச்சவனுங்க அண்ணன் நம்பர்லயே, அண்ணன் குரல்லயே பேசி வாங்காதன்னு சொல்லுவானுங்கன்னு. வைடா போன!"